குழந்தைகளுக்குக் கண்ணிலும் காதிலும் ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து: முழுமையான வழிகாட்டி

ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து வேலை செய்ய வேண்டுமென்றால் இரண்டு விஷயம் ஒத்துவர வேண்டும். நோய் பாக்டீரியாவால் வந்திருக்க வேண்டும். விட்ட சொட்டு அந்த பாக்டீரியா இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒன்று தவறினாலும் புட்டிதான் காலியாகும். கோபிசெட்டிபாளையம் பக்கம் மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். "ஏனுங்க, புள்ளைக்குக் கண்ணு ஒட்டிக்குதுங்க, ஒரு சொட்டு மருந்து குடுங்க" என்று யாரும் வந்து நிற்காத வாரம் கிடையாது. காதுவலிக்கும் இதையேதான் கேட்கிறார்கள். ஆனால் இரண்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

இதைக் கடையில் கேட்டு வாங்குவதற்கான பட்டியலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்ததைச் சரியாக விடுவது எப்படி, எப்போது சொட்டே தேவையில்லை, எப்போது வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இந்த மருந்துகளெல்லாம் சீட்டுக்கு மட்டும் கொடுக்க வேண்டியவை.

படி 1: கண்ணிலிருந்து வருவது என்ன என்று பாருங்கள்

காலையில் இமை ஒட்டிக்கொண்டு, துடைத்து விட்ட கொஞ்ச நேரத்திலேயே மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிப் பீளை மறுபடியும் தள்ளினால் பாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீராக வடிந்து, கண் சிவந்து, சளியோ தொண்டைவலியோ கூட இருந்து, ஒரு கண்ணில் ஆரம்பித்து ஓரிரு நாளில் அடுத்த கண்ணுக்கும் வந்தால் பெரும்பாலும் வைரஸ். மெட்ராஸ் ஐ என்று நாம் சொல்வது இதைத்தான். இதற்கு ஆன்டிபயாட்டிக் விட்டுப் பயனில்லை. ஒரு வாரத்தில், சிலருக்கு இரண்டு மூன்று வாரத்தில், தானாக அடங்கும். சுத்தமான ஈரத் துணியைக் குளிர்ச்சியாக ஒற்றியெடுத்தால் எரிச்சல் குறையும். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது சும்மா பேச்சு. கையும் துண்டும் தலையணையும்தான் பரப்புகின்றன. கறுப்புக் கண்ணாடி போட்டால் வெளிச்சம் கூசாமல் இருக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது வகை அரிப்பு. இரண்டு கண்ணையும் கசக்கிக்கொண்டே இருக்கும், தும்மலும் கூட வரும். ஆடிக்காற்றில் புழுதி பறக்கிற பல்லடம், தாராபுரம் பக்கத்துப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இது அலர்ஜி. இதற்கான சொட்டே வேறு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியாவால் வந்த கண்வலியும் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே போய்விடும். சொட்டு விட்டால் ஓரிரு நாள் முன்னதாகக் குணமாகும், பிறருக்கு ஒட்டுவது குறையும். அதனால் லேசாக இருக்கும்போது டாக்டர் "சுத்தம் மட்டும் பண்ணுங்க, ரெண்டு நாள் பாக்கலாம்" என்று அனுப்பினால், மருந்து எழுதவில்லையே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பச்சைக் குழந்தை விஷயம் மட்டும் அடியோடு வேறு. பிறந்து 28 நாளுக்குள் கண் வீங்கிச் சீழ் வடிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து கொனோரியா, கிளமீடியா கிருமிகள் கண்ணுக்கு வந்திருக்கலாம். கொனோரியா பெரும்பாலும் முதல் ஐந்து நாளுக்குள் தெரியும், கருவிழியை மிக வேகமாக அரித்துவிடும். கிளமீடியா கொஞ்சம் தாமதமாக வரும், நுரையீரலுக்கும் போகும். இரண்டுக்குமே சொட்டு மட்டும் போதாது, ஊசியோ வாய்வழி மருந்தோ வேண்டும். தாய்வீட்டில் இருக்கிறார்கள், தீட்டுக் கழியட்டும், அதுவரைக்கும் தாய்ப்பாலை இரண்டு சொட்டுப் பீய்ச்சி விடலாம் என்று நாளைக் கடத்துகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஆத்தாவோடு சண்டை போட்டாவது குழந்தையைக் கூட்டிப் போங்கள். நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விட வேண்டாம்.

கைக்குழந்தைக்கு ஒரு கண்ணில் மட்டும் எந்நேரமும் நீர் கோத்து, கொஞ்சம் பீளையும் இருந்து, வெள்ளைவிழி மட்டும் வெள்ளையாகவே இருக்கிறதா? கண்ணீர் மூக்குக்கு இறங்குகிற குழாய் இன்னும் திறக்காமல் இருக்கலாம். மூக்கை ஒட்டிய உள்மூலையில் சுண்டுவிரலை வைத்து லேசாக அழுத்திக் கீழ்நோக்கி நீவச் சொல்லித் தருவார்கள். ஒரு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்குத் திறந்துவிடும். இதற்கு மாதாமாதம் ஆன்டிபயாட்டிக் புட்டி வாங்குவது வீண்.

படி 2: வீட்டில் மிச்சமிருக்கும் புட்டியைத் தூக்கிப் போடுங்கள்

ஒரு கணக்குப் பாருங்கள். மாக்ஸிஃப்ளாக்ஸசின் 0.5 சதவீதச் சொட்டை நாளைக்கு 3 வேளை, 7 நாள், இரண்டு கண்ணுக்கும் விட்டால் 42 சொட்டு. 5 மில்லி புட்டியில் 100 சொட்டாவது இருக்கும். பாதிக்கு மேல் மிஞ்சும். அந்த மிச்சம்தான் ஃப்ரிட்ஜ் கதவில் உட்கார்ந்திருந்து, ஆறு மாதம் கழித்து அடுத்த பிள்ளையின் கண்ணுக்குப் போகிறது. சாதாரணமாக, திறந்த நாளிலிருந்து 4 வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அட்டையில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி திறக்காத புட்டிக்கு உரியது. திறந்த அன்றைக்கே புட்டியின் மேல் பேனாவால் தேதியை எழுதிவிடுங்கள்.

பழசானது மட்டும் பிரச்சினை இல்லை. அந்தப் புட்டியில் என்ன இருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை. மாக்ஸிஃப்ளாக்ஸசின், டோப்ராமைசின், சிப்ரோஃப்ளாக்ஸசின், ஆஃப்ளாக்ஸசின், குளோராம்ஃபெனிகால் ஆகியவை ஆன்டிபயாட்டிக். இந்தப் பெயரோடு டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன், பீட்டாமெத்தசோன், லோட்டிபிரெட்னால் என்று ஏதாவது சேர்ந்திருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. ஸ்டீராய்டு விட்ட அன்றைக்கே சிவப்பு வடிந்துவிடும். "போன தடவை குடுத்தீங்களே, அது நல்லா கேட்டுச்சுங்க" என்று வந்து கேட்பது பெரும்பாலும் இதைத்தான். ஹெர்ப்பிஸ் வைரஸோ பூஞ்சையோ கருவிழியில் இருக்கும்போது ஸ்டீராய்டு விட்டால் நோய் உள்ளுக்குள் ஆழமாகப் பரவும். வெளியே மட்டும் கண் தெளிந்தமாதிரி தெரியும். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தமும் புரையும் வரும்.

நம் பக்கத்தில் இதைக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கரும்புச் சோகை, நெல் தாள், தென்னை ஓலை என்று தோட்டத்தில் விளையாடும் பிள்ளையின் கண்ணில் எதுவும் கீறலாம். பச்சை இலை, தழை, மண் கீறிய கண்ணில் பூஞ்சைப் புண் வருவது தமிழ்நாட்டில் நன்றாகத் தெரிந்த விஷயம். இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட வலி கூடும், கருவிழியில் வெள்ளையாகப் புள்ளி தெரியும். எந்த ஆன்டிபயாட்டிக்கும் பூஞ்சையைக் கொல்லாது. சோகை பட்ட கண்ணுக்குக் கடைச்சொட்டு வேண்டாம், நேராகக் கண் டாக்டர். கோவையில் அரவிந்த், சங்கரா கண் மருத்துவமனைகள் இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கண் பிரிவு உண்டு.

வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் சுண்ணாம்பு பிள்ளையின் கண்ணில் தெறித்தால் சொட்டைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். சட்டென்று குழாயைத் திறந்து, இமையை விரித்துப் பிடித்து அரைமணி நேரம் தண்ணீர் ஓடவிட்டுக் கழுவுங்கள். அப்புறம் ஆஸ்பத்திரி. கழுவாமல் கிளம்பினால், போகிற வழியெல்லாம் சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கிக்கொண்டே வரும்.

படி 3: புட்டியைத் திறப்பது

சின்ன விஷயம்தான், ஆனால் பாதிப் பேர் தப்பாகச் செய்கிறார்கள். பல கண் சொட்டுப் புட்டிகளின் முனை அடைத்தே வரும். மூடிக்குள் ஒரு முள் இருக்கும். மூடியை வலப்பக்கமாக இறுகத் திருகினால் அந்த முள்ளே முனையைத் துளைத்துவிடும், பிறகு கழற்றினால் அளவாகச் சொட்டும். ஊக்கை எடுத்துக் குத்துவதும் பிளேடால் முனையை வெட்டுவதும் வேண்டாம். கிருமி உள்ளே போகும், ஓட்டை பெரிதாகி ஒரு சொட்டுக்கு மூன்று சொட்டாகக் கொட்டும். முள் இல்லாத புட்டியும் உண்டு. அட்டையில் படம் போட்டிருப்பார்கள், பாருங்கள்.

படி 4: கண்ணில் விடுவது

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பில் பீளையைத் துடையுங்கள். ஒரு பஞ்சு ஒரு தடவைக்கு மட்டும், அடுத்த கண்ணுக்குப் புதுப் பஞ்சு. பீளையின் மேலேயே மருந்தை விட்டால் அது பீளையோடு வழிந்து வெளியே வந்துவிடும்.

சொன்னதைக் கேட்கிற வயது என்றால் தலையை அண்ணாந்து, கீழ் இமையை லேசாக இழுத்தால் ஒரு பை மாதிரி தெரியும். அதில் ஒரு சொட்டு. முனை இமையிலோ முடியிலோ படக் கூடாது. விட்டபின் கண்ணை மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய உள்மூலையை ஒரு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். தொண்டையில் கசப்பு இறங்காது, மருந்தும் கண்ணிலேயே நிற்கும்.

கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிற பிள்ளைக்கு வேறு வழி இருக்கிறது. மல்லாக்கப் படுக்கவைத்து, "கண்ணை மூடிக்க சாமி" என்று சொல்லுங்கள். மூடிய கண்ணின் உள்மூலைக் குழியில் ஒரு சொட்டு விடுங்கள். அப்புறம் கண்ணைத் திறந்தால் அது தானாக உள்ளே வழுக்கிக்கொண்டு போகும். நான்கு பேர் சேர்ந்து கையைக் காலைப் பிடித்து இமையைப் பிதுக்குவதைவிட இது எவ்வளவோ மேல். ஒன்றிரண்டு வயதுப் பிள்ளை கையைத் தட்டிவிட்டால் துப்பட்டியில் சுற்றிக்கொள்ளலாம். தூங்கும்போதும் விடலாம்.

ஒரு சொட்டுப் போதும். கண்ணில் ஒரு சொட்டுக்கு மேல் நிற்க இடமில்லை, இரண்டாவது சொட்டு முதல் சொட்டையும் தள்ளிக்கொண்டு கன்னத்தில் வழியும். இரண்டு விதமான சொட்டு எழுதியிருந்தால் நடுவே 5 நிமிடமாவது இடைவெளி விடுங்கள். களிம்பும் இருந்தால் அதைக் கடைசியில் போடுங்கள். கீழ் இமைப் பையில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பிதுக்கினால் போதும். பார்வை சிறிது நேரம் மங்கும் என்பதால் தூங்கப் போகும்போது போடுவது வசதி.

எத்தனை வேளை என்பது மருந்துக்கு மருந்து மாறும். மாக்ஸிஃப்ளாக்ஸசின் பெரும்பாலும் 3 வேளை. சிப்ரோஃப்ளாக்ஸசின், குளோராம்ஃபெனிகால் சொட்டுகளை முதல் இரண்டு நாள், விழித்திருக்கும்போது 2 மணிக்கொரு தடவை விடச் சொல்வது வழக்கம். சீட்டில் எழுதியிருப்பது புரியாவிட்டால் கடையிலேயே கேளுங்கள். இரண்டு நாள் ஒழுங்காக விட்டும் பீளை குறையவில்லை என்றால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

படி 5: காதில் வலி எங்கே?

கண்ணைப்போல இது வெளியே தெரியாது. காதுவலிக்கு இரண்டு இடம் உண்டு, நடுவே செவிப்பறை சுவராக நிற்கிறது.

காது மடலை இழுத்தாலோ, காதுத் துளைக்கு முன்னால் இருக்கிற சின்ன மேட்டை அழுத்தினாலோ பிள்ளை துள்ளினால் வலி வெளிக்காதில், அதாவது துளையின் தோலில். கோடை விடுமுறையில் கிணற்றிலும் கீழ்பவானி வாய்க்காலிலும் பரம்பிக்குளம் ஆழியாறு (பிஏபி) வாய்க்காலிலும் நாளெல்லாம் குதித்த பிள்ளைகளுக்கு வருவது இது. தோல் ஊறி, பட்ஸ் வைத்துக் குடைந்த கீறல் வழியாகக் கிருமி ஏறுகிறது. இங்கே சொட்டு நேராக நோயின் மேல் விழுகிறது, அதனால் நன்றாகக் கேட்கும். மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது.

சளி பிடித்து இரண்டு மூன்று நாளில், நடு ராத்திரியில் காய்ச்சலோடு காதைப் பிடித்துக்கொண்டு அழுதால் வலி நடுக்காதில், செவிப்பறைக்குப் பின்னால். சிறு குழந்தைகளுக்கு இதுதான் அதிகம். செவிப்பறை முழுசாக இருக்கும்போது நீங்கள் விடும் எந்த ஆன்டிபயாட்டிக் சொட்டும் அந்தப் பக்கம் போகாது. சுவருக்கு வெளியே நின்றுவிடும். மருந்து தேவைப்பட்டால் வாய்வழியாகத்தான், பெரும்பாலும் அமாக்ஸிசிலின். ஆறு மாதத்துக்குக் குறைவான குழந்தைக்கு உடனே மருந்து தொடங்குவார்கள். இரண்டு வயதுக்கு மேல், வலியும் காய்ச்சலும் லேசாக இருந்தால் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்பதும் ஒப்புக்கொண்ட முறைதான்.

அந்த ராத்திரிக்கு வேண்டியது பாராசிட்டமால். ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் வரை, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். ஆனால் சிரப் ஒரே அளவில் வருவதில்லை. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள புட்டி என்றால் 6 மில்லி, 250 உள்ளது என்றால் 3 மில்லி. கைக்குழந்தைக்கான சொட்டுப் புட்டியில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். புட்டியைப் படிக்காமல் மூடியில் ஊற்றிக் கொடுக்காதீர்கள்.

காய்ச்சிய எண்ணெய், பூண்டு எண்ணெய் இரண்டும் நடுக்காதுக்குப் போகாது. சூடு தவறினால் தோல் வெந்துபோகும், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளேயே இறங்கும். காதுக்குள் பூச்சி புகுந்து துடிக்கும்போது மட்டும், ஓட்டையோ சீழோ இல்லாத காது என்றால், எண்ணெய் உதவும். பூச்சி செத்து அடங்கும், டாக்டர் எடுத்துவிடுவார். பாசிப்பயறு, புளியங்கொட்டை போட்டுக்கொண்ட காதில் தண்ணீர்கூட விடக் கூடாது, ஊறிப் பெருத்துவிடும்.

படி 6: சீழ் வடிகிற காது

வலி தாங்காமல் அழுத பிள்ளை சட்டென்று ஓய்ந்து, தலையணையில் சீழ் தெரிந்தால் செவிப்பறை கிழிந்து வழி கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். கேட்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் சில வாரத்தில் தானாக மூடிக்கொள்ளும். டாக்டர் பார்த்து வாய்வழி மருந்து தருவார்.

இரண்டு வாரத்துக்கு மேல் வடிந்துகொண்டே இருந்தால் அது நாள்பட்ட சீழ்க்காது. ஓட்டை மூடாமல் நிற்கிறது. இங்கே கதை தலைகீழ்: மாத்திரையைவிடச் சொட்டுத்தான் நன்றாகக் கேட்கும், ஏனென்றால் ஓட்டை வழியாக அது நேராக உள்ளே போகிறது. உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குச் சொல்லும் முறை குயினலோன் சொட்டு, அதாவது சிப்ரோஃப்ளாக்ஸசின் அல்லது ஆஃப்ளாக்ஸசின் போன்றது, நாளைக்கு 3 வேளை, 2 வாரம். ஜென்டாமைசின், நியோமைசின், ஃபிராமைசெட்டின் உள்ள சொட்டுகள் ஓட்டை வழியாக உள்காதுக்குப் போனால் கேட்கும் திறனையே பாதிக்கலாம். குறும்பி கரைக்கும் சொட்டையும் ஓட்டைக் காதில் விடக் கூடாது. அதனால்தான் டாக்டர் காதுக்குள் பார்க்காமல் எந்தச் சொட்டும் விடாதீர்கள் என்கிறேன்.

சொட்டு விடுமுன் காதைக் காயவைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் சீழ் மேலேயே மருந்து நின்றுவிடும். துவைத்துக் காய்ந்த மெல்லிய பருத்தித் துணியைத் திரியாக முறுக்கி, காதுத் துளையில் மெல்ல வையுங்கள், திணிக்க வேண்டாம். ஈரம் ஏறியதும் எடுத்துப் போட்டுவிட்டுப் புதுத் திரி. திரி உலர்ந்தபடியே வெளியே வரும்வரை மாற்றுங்கள். நாளைக்கு 3 தடவை. திருப்பூர்ப் பக்கம் வீட்டில் கிடக்கிற பனியன் வேஸ்ட் துணி இதற்கு ஆகாது, நூல் உதிரும், சாயமும் தூசியும் இருக்கும். பட்ஸும் தீக்குச்சியும் கோழி இறகும் கூடவே கூடாது.

அப்புறம் புட்டியை ஓரிரு நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வையுங்கள். சில்லென்று விட்டால் தலை சுற்றும், வாந்திகூட வரும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூன்று வயதுக்குள் என்றால் மடலைக் கீழ்நோக்கிப் பின்பக்கமாகவும், பெரிய பிள்ளை என்றால் மேல்நோக்கிப் பின்பக்கமாகவும் இழுத்து, சொன்ன அளவு சொட்டை விடுங்கள். காதுக்கு முன்னால் இருக்கும் மேட்டை நாலைந்து தடவை அமுக்கிவிட்டால் மருந்து உள்ளே இறங்கும். ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருக்கட்டும். போன் கொடுத்துத்தான் படுக்கவைக்க முடியுமென்றால் கொடுங்கள், ஐந்து நிமிடத்தில் ஒன்றும் ஆகிவிடாது.

சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற சில சொட்டுகள் "கண்/காது" என்று இரண்டுக்கும் சேர்த்தே வருகின்றன. அப்படி அச்சிட்டிருந்தாலும் காதுக்கு விட்ட புட்டி காதோடு. காதுக்கு மட்டும் என்று எழுதியதைக் கண்ணில் விட்டால் கண் எரிந்துபோகும்.

வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் விட்டபிறகு அரிப்புக் கூடி, உள்ளே வெள்ளையாகவோ கறுப்பாகவோ பஞ்சுமாதிரி தெரிந்தால் பூஞ்சை. சொட்டை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

கண்ணும் காதும் சேர்ந்து வந்தால்

ஒரே சமயத்தில் கண்ணில் சீழ்ப்பீளையும் காதுவலியும் இருந்தால் பெரும்பாலும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே என்ற ஒரே கிருமியின் வேலை. மூக்கிலிருந்து இரண்டு பக்கமும் ஏறுகிறது. கண்ணுக்குச் சொட்டு விட்டாலும் காதில் அது அப்படியே இருக்கும் என்பதால் வாய்வழி மருந்து வேண்டும். கண்ணுக்கென்று டாக்டரிடம் போனாலும் "காதையும் பாத்துருங்க" என்று நீங்களே கேளுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

கண்ணில்: கடுமையான வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளை, இமை வீங்கிக் காய்ச்சலோடு கண் முன்தள்ளுவது, கண்ணை அசைக்க முடியாமை. காதில்: காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்து மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பது, முகம் ஒருபக்கம் கோணுவது, தலைசுற்றலோடு வாந்தி, கழுத்து விறைப்பு, பிள்ளை சோர்ந்து மயங்குவது. ராத்திரி என்றாலும் 108.

குணமாகிக்கொண்டிருக்கும்போது

காதில் சொட்டு ஓடும் நாட்களில் குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வைத்துத் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குளித்ததும் எடுத்துவிடுங்கள். கிணற்றுக் குளியலும் கொடிவேரி அணைக் குளியலும் டாக்டர் சரி என்ற பிறகுதான். பால்புட்டியை மல்லாக்கப் படுத்தபடி கொடுக்காதீர்கள், நடுக்காதுத் தொல்லை திரும்பத் திரும்ப வர அதுவும் ஒரு காரணம்.

நாள்பட்ட சீழ்க்காது நின்றபின் ஓட்டை மூடியிருக்கிறதா, காது சரியாகக் கேட்கிறதா என்று காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒருதரம் பார்த்துவிடுங்கள். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிற பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, வகுப்பில் கவனிப்பதில்லை என்று டீச்சர் சொல்கிற பிள்ளை என்றால் தள்ளிப்போட வேண்டாம். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகிற ஆர்பிஎஸ்கே (அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழு காதையும் கண்ணையும் பார்ப்பார்கள். அவர்கள் வரும் நாளில் பழைய சீட்டைப் பையில் வைத்து அனுப்பினால், மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுக்க அவர்களுக்கு வசதியாக இருக்கும்.